கடைசிக் கப்பலுக்கு யாரும் சொல்லவில்லை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் தெருவுக்கே தெரிந்த விஷயம். வந்த வேகத்தில் இறங்கியும் விடும். ஒரே ஒரு தடவைதான் வாரக்கணக்கில் இறங்காமல் இருந்தது. காரணம் ஒரு சினிமாவின் முடிவு என்று சொன்னால் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அந்த முடிவால் என் கல்யாணமே நின்றுபோக இருந்தது.

நான் தஞ்சாவூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். வாரநாட்களில் பெண்கள் விடுதி. சனிக்கிழமை மதியம் பஸ் ஏறினால் இருட்டுவதற்குள் எங்கள் ஊர், திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே. தாத்தா அடுத்தவர் வயலில் நாற்றுக்கட்டு சுமந்தவர். அப்பா சொந்த வயலில் நிற்கிறார். நான் ஊசியும் கையுமாக நிற்கிறேன். காவிரித் தண்ணீர் வழியிலிருக்கும் எல்லா ஊரையும் நலம் விசாரித்துவிட்டு, மிச்சம் மீதி இருந்தால் எங்கள் வாய்க்காலுக்கு வரும். எங்களுக்குக் கடைமடை என்று பெயர். இதை இங்கேயே சொல்லிவைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

அந்த விண்வெளிப் படங்களை நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலிருந்து பார்க்கிறேன். தமிழில் பேச்சு மாற்றி வந்தவை. பூமி வாழ முடியாமல் போய்விடுகிறது. மிஞ்சிய ஜனங்கள் கப்பல் கப்பலாக வானத்தில் வரிசைகட்டிப் போகிறார்கள். பின்னால் கருந்தீ என்று ஒன்று எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு வருகிறது. எங்கோ தூரத்தில் ஒரு வாசல் இருக்கிறது, அதைத் தாண்டினால் புதிய பூமி. வரிசையின் கடைசியில் ஒரு கிழட்டுக் கப்பல் வரும். பாத்திரம் கழுவுகிறவர்கள், இன்ஜினுக்கு எண்ணெய் போடுகிறவர்கள், நோயாளிகள், அவர்கள் பெற்ற பிள்ளைகள் எல்லாம் அதில்தான். மொத்தக் கூட்டத்துக்கும் தலைவியாகிற பெண் அந்தக் கப்பலில் பிறந்தவள். இரண்டாம் பாகத்தில் முன்கப்பலுக்கு மாறும்போது, "உங்கள விட்டுட்டு நான் வாசலைத் தாண்ட மாட்டேன்" என்று அவள் சொல்வாள். அந்த ஒரு வசனத்துக்காகவே நான் அடுத்தடுத்த பாகங்களுக்குப் போனேன்.

கடைசிப் பாகத்தில் வாசல் வந்துவிடுகிறது. கப்பல்கள் ஒவ்வொன்றாக உள்ளே போகின்றன. கடைசிக் கப்பல் மட்டும் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. கருந்தீ நெருங்கிவிட்டது. தலைவி உள்ளே போய்த் திரும்பிப் பார்க்கிறாள், வாசலை மூடிவிடுகிறாள். அதன்பிறகு கடைசிக் கப்பலின் உள்ளே காட்டுகிறார்கள். சமையலறையில் ஒருத்தி மாவு பிசைந்துகொண்டிருக்கிறாள். பிள்ளைகள் ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு புதிய பூமி எப்போது தெரியும் என்று பார்க்கிறார்கள். வெளியே அந்தக் கப்பலின் விளக்குகள் மூடிய வாசலை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கின்றன. அவ்வளவுதான், படம் முடிந்துவிட்டது.

தஞ்சாவூர்த் திரையரங்கில் கொஞ்ச நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை. பிறகு முன்வரிசையிலிருந்து ஒருவன், "டேய், அவ்ளோதானாடா?" என்று கத்தினான். யாரோ சோளப்பொரி டப்பாவைத் திரையை நோக்கி வீசினார்கள். பின்னால் இரண்டு பேர் கைதட்டினார்கள். கைதட்டியது யார் என்று நான் திரும்பி முறைத்துப் பார்த்தேன். வெளியே வந்து வண்டி நிறுத்துமிடத்தில் முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தோடு சண்டை போட்டேன். அந்த வீட்டம்மா என் பக்கம், அவர் புருஷன் தலைவி பக்கம். அவர்கள் ஒரே வண்டியில் எப்படி வீடு போய்ச் சேர்ந்தார்கள் என்று தெரியவில்லை.

எங்களுக்கு ஒரு வாட்ஸப் குழு இருந்தது. நடத்துகிறவர் மயிலாடுதுறையில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர். நாலாம் பாகம் வந்தபோது அவர் ஆரம்பித்தது. பெரும்பாலும் எங்கள் பக்கத்து ஆட்கள்தான், வெளியூர் ஆட்கள் சிலர். அதுவரை பொம்மைப் படமும் பிறந்தநாள் வாழ்த்துமாக இருந்த குழு, கடைசிப் பாகம் வெளியான வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இரண்டாக உடைந்தது. மூடியது சரி என்றவர்கள் மூடு கட்சி, தப்பு என்றவர்கள் திற கட்சி. பெயர் வைத்தவர் மயிலாடுதுறைக்காரர்தான். வைத்துவிட்டு அவரே திற கட்சியில் சேர்ந்துகொண்டார்.

நான் எழுதிய அளவுக்கு யாரும் எழுதவில்லை. ரத்த மாதிரிக் குழாய்கள் இயந்திரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்போது எழுதினேன். பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எழுதினேன். யாராவது "வேற வழி இல்லீங்க" என்று போட்டால் எனக்குக் காலில் சுடுதண்ணீர் ஊற்றியது போல இருக்கும். வேற வழி இல்லை என்று சொல்கிறவர்கள் எல்லாம் முன்கப்பலில் உட்கார்ந்திருக்கிறவர்கள்தானே!

செங்கல் பேச்சு வந்தது அப்போதுதான். மயிலாடுதுறைக்காரர் ஒரு படம் வரைந்து போட்டார். வாசலை மேலிருந்து இறங்கும் இரும்புக் கதவாக வரைந்து, மேலே திருகாணிக் கம்பி, சக்கரம் எல்லாம் வைத்திருந்தார். கதவுக்கு அடியில் ஒரு செங்கல். "ஒரு செங்கல்ல வச்சிட்டு இறக்கியிருந்தா, கருந்தீ உள்ள வராது, கப்பலு மெதுவா நுழைஞ்சிருக்கும்" என்று குரல்பதிவு அனுப்பினார். எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றோம். மதகுக் கதவை இறக்கும்போது கீழே கல் வைத்துவிட்டால் கதவு முழுசாக உட்காராது, விடியவிடிய நமக்குத் தண்ணீர் கசியும். இது எங்கள் ஊரில் பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். எவ்வளவு பெரிய செங்கல், நாட்டுச் செங்கலா சேம்பர் செங்கலா என்றுகூடப் பேச்சு போனது.

சென்னையிலிருந்து ஒருவர் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் எழுதினார்: "அண்ணே, அது விண்வெளியில இருக்கற ஓட்டை. உங்க ஊர் மதகு இல்ல. மேலேர்ந்து இறங்கல, சுத்தியிருந்து சுருங்குது. படத்தப் பாத்தீங்களா இல்லியா?"

உண்மையிலேயே எங்களில் ஒருவருக்கும் அது கண்ணில் பட்டிருக்கவில்லை. வாசல் என்றால் மேலிருந்து இறங்கும் என்று டெல்டா மொத்தமும் முடிவு செய்துகொண்டு பார்த்திருக்கிறது. குழுவில் அன்று முழுக்க சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுருங்கினால் என்ன, ஓரமாக வைக்க ஏதாவது இருந்திருக்கும் என்று சென்னைக்காரரோடு மல்லுக்கு நின்றேன்.

இந்த அமளிக்கு நடுவில்தான் என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று அம்மா போன் செய்தாள். மாப்பிள்ளை வீடு திருப்பனந்தாள் பக்கம். எங்களைப் போலவே கூலி வேலையிலிருந்து எழுந்து வந்த குடும்பம். பையன் அரசாங்கத்தில் இன்ஜினீயர், கட்டடம் கட்டுகிற பிரிவு என்று தரகர் சொல்லியிருந்தார். எனக்கு மறுக்கக் காரணம் எதுவும் இல்லை, சரி என்று சொல்லவும் அவசரம் இல்லை. சனிக்கிழமை பஸ்ஸில் ஊருக்குப் போகும்போதுகூடத் திருவாரூர் வரை மூடு கட்சிக்காரன் ஒருவனுக்குப் பதில் எழுதிக்கொண்டுதான் போனேன்.

அது சம்பாவுக்கு விதைத்திருந்த நேரம். எங்கள் பக்கம் நாற்று விட்டு நடுவதெல்லாம் குறைவு. காய்ந்த மண்ணில் விதையைத் தெளித்துவிட்டுத் தண்ணீருக்குக் காத்திருப்போம். முளைத்த பிறகு தண்ணீர் வராவிட்டால் பயிர் கருகிவிடும். ஆற்றில் தண்ணீரைக் கிளை கிளையாக முறை வைத்து விடுவார்கள். ஒரு கிளைக்குத் திறந்தால் இன்னொன்றை அடைப்பார்கள். எங்கள் முறை முடிவதற்குள் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்ந்தால் உண்டு. அப்பா தினமும் வாய்க்கால் கரையில் போய் நின்றுவிட்டு வருவார். மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்றும் வெள்ளைச் சட்டையோடு அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். அம்மா ஆள் அனுப்பிக் கூட்டிவந்தாள்.

பஜ்ஜியும் கேசரியும் ஆனபிறகு, "ரெண்டு பேரும் மாடியில போயி பேசிட்டு வாங்களேன்" என்று மாப்பிள்ளையின் அத்தை சொன்னார். மொட்டைமாடியில் அப்பா தண்ணீர் இறைக்கும் இன்ஜினின் ஹோஸ் பைப் பாம்பு மாதிரி சுருண்டு கிடந்தது. அதைத் தாண்டி நின்றோம். அவர் ஒல்லியாக, வெயிலில் கறுத்து, கட்டடத்துக்குள் வேலை பார்க்கிற ஆள் மாதிரியே இல்லை. எதைப் பேசுவது என்று தெரியாமல், "உங்களுக்கு என்ன புடிக்கும்?" என்று கேட்டார். நான் படத்தின் பெயரைச் சொன்னேன். அவர் முகம் சட்டென்று மலர்ந்தது.

"எல்லா பாகமும் பாத்திருக்கீங்களா?"

"எல்லாத்தையும். கடைசி பாகத்த மட்டும் பாக்காம இருந்திருக்கலாம்."

"ஏங்க? கடைசிதாங்க ரொம்ப நல்லா இருந்துச்சு. கும்பகோணத்துல பாத்தேன். முடிஞ்சதும் நான் கைதட்டினேன், பக்கத்துல இருந்தவரு அடிக்க வந்துட்டாரு."

நான் அந்தப் பக்கத்து ஆளை மனதுக்குள் கும்பிட்டேன். "எப்படிங்க கைதட்ட மனசு வந்துச்சு? அவ்வளவு பேர வெளிய விட்டுட்டு மூடிட்டுப் போறா."

"மூடலன்னா உள்ள வந்தவங்களும் போயிருப்பாங்க. யாராவது ஒருத்தர் மூடித்தாங்க ஆகணும். அந்தக் கையி யாருதுன்னுதான் கேள்வி."

"ஒரு செங்கல்லாவது வச்சிருக்கலாம்ல?" என்று வாய் தவறி வந்துவிட்டது. சென்னைக்காரரிடம் வாங்கியது போதாது.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். கீழே அத்தையின் பேச்சு நின்றுபோனது. "செங்கல்ல எடுக்குறதுதாங்க என் வேலையே" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். தரகர் தப்பாகச் சொல்லிவிட்டார், கட்டடம் எல்லாம் பழைய கதை. இப்போது ஆற்றுப் பிரிவில், மேலே, ஆறு கிளை பிரிகிற ஒரு தலைப்பு மதகில் இருக்கிறார். முறை மாறும்போது சக்கரத்தைத் திருகுகிற லஸ்கரிடம் கதவை இறக்கச் சொல்வது அவர்தான். எங்கள் வாய்க்காலுக்கு வருகிற கிளையும் அங்கே பிரிவதுதான்.

என்னோடு மொட்டைமாடியில் நிற்பது சாட்சாத் அந்தத் தலைவியேதான், மீசை மட்டும் கூடுதல்.

"அப்ப நாங்கதாங்க அந்தக் கடைசிக் கப்பல்" என்றேன். "நீங்க மூடிட்டு வீட்டுக்குப் போயிடுவீங்க. எங்க அப்பா கரையில நின்னுக்கிட்டு இருப்பாரு."

அவர் கீழே முற்றத்தை எட்டிப் பார்த்தார். "உங்க அப்பாகிட்ட நான் என்ன வேலைன்னு இப்பவே சொல்லிடட்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம்" என்றேன். "சொன்னா காபிகூட கெடைக்காது. திட்டித் தீத்துடுவாரு."

போன் எண்ணை வாங்கிக்கொண்டோம். நாங்கள் இறங்கி வந்தபோது இருவர் முகமும் சிவந்திருந்ததாம். அவர் அத்தை அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டில், எங்களுக்குச் சம்மதம், பொண்ணு சொல்லட்டும் என்று அன்றைக்கே போனில் சொல்லிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. அம்மா தினமும் போன் செய்து, "என்னடி சொல்ற?" என்பாள். நான் வேலை இருக்கிறது என்பேன். ஆளைப் பிடித்திருந்தது, அதை மறைப்பானேன். சிரித்த சிரிப்பு பிடித்திருந்தது. தன் வேலையை மறைக்காமல் சொன்னது பிடித்திருந்தது. ஆனால் அந்தக் கையை நினைத்தால் உடம்பு எரிந்தது. நல்லவர்தான், நல்லவர்தான் என்று சொல்லிக்கொண்டே, ஒரு மூடு கட்சிக்காரரோடு எப்படி ஒரே வீட்டில் சோறு தின்பது என்று யோசித்தேன். குழுவில் என் எழுத்து இன்னும் சூடாகிவிட்டது. மயிலாடுதுறைக்காரரே, "தங்கச்சி, கொஞ்சம் தண்ணி குடிங்க" என்று தனியாக எழுதினார்.

ஒருநாள் என் நீண்ட பதிவு ஒன்றை அப்படியே மாப்பிள்ளைக்கு அனுப்பினேன். அவர் முழுதும் படித்திருக்க வேண்டும், பதில் வர நேரமானது. "படத்த இன்னொரு தடவ பாத்துட்டு வர்றேன்" என்று மட்டும் எழுதினார். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. படம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. குழுவில் தஞ்சாவூரில் இருந்த சிலரைச் சேர்த்துக்கொண்டு நானும் மறுபடி போனேன்.

இந்தத் தடவை அழாமல், கத்தாமல் பார்த்தேன். வாசல் சுற்றியிருந்துதான் சுருங்குகிறது, சென்னைக்காரர் சொன்னது சரி. ஆனால் அவரும் பார்க்காத ஒன்றை நான் பார்த்தேன். தலைவி மூடுவதற்கு முன்னால் அவள் இடது கை கடைசிக் கப்பலோடு பேசுகிற பொத்தானுக்குப் போகிறது. தொடப்போகிறது. தொடாமல் திரும்பிவிடுகிறது. அப்புறம்தான் வலது கை மூடுகிறது. அந்தச் சமையல்காரி மாவு பிசைந்துகொண்டிருந்தது ஏன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

வெளியே வந்து பெரிய கோயில் அகழி ஓரமாக ஒரு டீக்கடையில் நின்றோம். என் கோபம் எல்லாம் வேறு பக்கம் திரும்பியிருந்தது. மூடியதற்காக அல்ல என் ஆத்திரம். வேறு வழி இல்லாமல்கூட இருக்கட்டும். ஒரு வார்த்தை சொல்வதற்கு என்ன கேடு? அங்கேயே நின்று குழுவில் எழுதினேன். கட்சிகள் கலைந்து புதிதாகச் சண்டை மூண்டது. பட்டுக்கோட்டையிலிருந்து ஒரு அக்கா, எப்போதும் திற கட்சியில் என் பக்கத்தில் நிற்பவர், திடீரென்று எதிரே போய் நின்றுகொண்டார். "சொல்லி என்னம்மா ஆவப்போவுது? சாகுறதுதான் சாகுறாங்க, நிம்மதியா மாவு பிசைஞ்சிக்கிட்டே போவட்டுமே. அவ சொல்லாம விட்டது பாசத்துல."

"திட்டு வாங்கப் பயந்துதான் சொல்லல" என்று மயிலாடுதுறைக்காரர் எழுதினார்.

அக்காவின் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை. எங்கள் பரிசோதனை நிலையத்தில் காகிதத்தை வாங்கிக்கொண்டு, "என்னம்மா போட்டிருக்கு?" என்று கேட்பார்கள். டாக்டர்கிட்ட கேளுங்க என்பதுதான் நாங்கள் சொல்ல வேண்டியது. அதையே நாள் முழுக்கச் சொல்கிறவள் நான். அந்த வாரம் ஒவ்வொரு தடவை அதைச் சொல்லும்போதும் வாய் கசந்தது.

ஆனால் வயல் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாளைக்கு அடைக்கப்போகிறார்கள் என்று முன்னாலேயே தெரிந்தால் அப்பாவுக்கு நூறு வேலை இருக்கிறது. வயல் மடையை மண்போட்டு அடைத்து இருக்கிற தண்ணீரை நிறுத்துவார். இன்ஜினை வைத்துக் குட்டையை நிரப்பிக்கொள்வார். தெரியாவிட்டால் வரும் வரும் என்று கரையில் நிற்பார், அவ்வளவுதான். பயிர் பிழைப்பதும் கருகுவதும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

ஆகவே அந்தக் கையைப் பற்றி எழுதியதை மாப்பிள்ளைக்கு அனுப்பிவிட்டு நேராகக் கேட்டேன்: "நீங்க மூடறப்ப கீழ இருக்கறவங்களுக்கு சொல்லுவீங்களா?"

அவர் குரல் அனுப்பினார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். "அறிவிப்பு ஒண்ணு போவுங்க. அது எங்க வரைக்கும் போவுதுன்னு எனக்குத் தெரியாது. நேரா கூப்ட்டு சொல்றதில்ல. சொன்னா திட்டுவாங்க, கெஞ்சுவாங்க. கேட்டுட்டு எப்படிங்க கதவ இறக்குறது? நானும் அந்தக் கையப் பாத்தேன், ரெண்டாவது தடவ. அவ ஏன் பொத்தானத் தொடலன்னு எனக்கு நல்லாவே புரிஞ்சுது."

நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அம்மாவைக் கூப்பிட்டு, இந்த இடம் வேண்டாம் என்று சொன்னேன்.

"ஏன்டி? பையனுக்கு என்ன குத்தம்?"

என்னவென்று சொல்வது? படத்தில் கடைசியில் ஒரு வாசல் வரும் என்று ஆரம்பித்தேன். அம்மா முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் போனிலேயே வந்தது. "சினிமால எவளோ கதவ சாத்துனான்னு நல்ல மாப்பிள்ளைய வேண்டாங்குறவ இந்தத் திருவாரூர் ஜில்லாவுலயே நீ ஒருத்திதான்டி. அவங்களுக்கு நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல. ஞாயித்துக்கெழம வரைக்கும் உனக்குக் கெடு."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊரில் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. அப்பாவின் வயலில் முளை பச்சையாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. அதைப் பார்த்த சந்தோஷத்தில் அப்பா காலையிலேயே எல்லோரையும் வம்புக்கிழுத்துக்கொண்டிருந்தார். அம்மா இட்லித்தட்டும் கையுமாக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எதையும் தின்னாமல் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தேன்.

அப்பாவின் போன் அடித்தது. இன்ஜின் சத்தத்தில் காது மந்தமான மனிதர், எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

"ஐயா, வணக்கங்க. தலைப்பு மதகுலேர்ந்து பேசறேன்."

வாசலுக்கும் கொல்லைக்கும் நடுவில் நான் அப்படியே நின்றுவிட்டேன். அந்தக் குரலை எனக்குத் தெரியாதா?

"இன்னிக்கு சாயங்காலம் உங்க கிளைய அடைக்கிறோங்க. முறை மாறுது. இப்ப ஓடுறது நாளைக்கு மதியம் வரைக்கும் உங்களுக்கு வரும். குட்டைய ரொப்பிக்குங்க, மடைய அடச்சு வச்சிக்குங்க. அதச் சொல்லத்தான் கூப்ட்டேன்."

அப்பா ஒரு மூச்சு எடுத்தார். அப்புறம் ஆரம்பித்தார். நான் பிறந்ததிலிருந்து அப்பாவின் திட்டைக் கேட்டு வளர்ந்தவள், எனக்கே சில வார்த்தைகள் புதிதாக இருந்தன. "இப்பதான்யா முளை எழுந்து நிக்கிது, அதுக்குள்ள கண்ணு பொறுக்கலியா உங்களுக்கு? மேல உக்காந்துக்கிட்டு சக்கரத்தத் திருகுற பயலுவளுக்கு என்ன தெரியும்? நீ சோறு திங்கிறியா, வேற எதாவது திங்கிறியா? போன வருஷமும் இப்படித்தான், அதுக்கு மொத வருஷமும் இப்படித்தான்..." அப்பா எழுந்து நின்றார், நடந்தார், போனைக் கையில் வைத்து ஆட்டினார். போனில் இருந்தவரைப் பெற்றவர்களில் தொடங்கி, இனி அவருக்குப் பிறக்கப்போகிற பிள்ளைகள்வரை ஒருவரையும் விடவில்லை. அந்தப் பிள்ளைகள் விஷயத்தில் எனக்கும் கொஞ்சம் சம்பந்தம் உண்டு என்று தோன்றியபோது காது சுட்டது.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. போனை வைத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். எட்டிப் பார்த்தேன். இணைப்பு இருந்தது, நேரம் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரே ஒரு தடவை, "சொல்லுங்கய்யா" என்று மட்டும் வந்தது.

திட்டித் திட்டி அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. "இருக்கியா, வச்சிட்டியா?" என்றார்.

"இருக்கேங்கய்யா."

அப்பா கொஞ்சம் தணிந்தார். "அடுத்து எப்ப தொறப்பீங்க தம்பி?"

"இப்ப சொன்னா அது பொய்யாப் போயிடுங்க. தெரிஞ்ச அன்னிக்கு நானே கூப்புடுறேன்."

"ம்" என்று அப்பா போனைத் திண்டின் மேல் வைத்தார். மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "இத்தினி வருசத்துல ஒருத்தன் கூப்ட்டு சொன்னதில்ல" என்று அம்மாவிடம் சொன்னார். "குட்டைக்கு இன்ஜின வைக்கணும், ஆள வரச்சொல்லு."

"அந்தக் கொரல எங்கியோ கேட்டிருக்கேன்" என்றாள் அம்மா.

இனி மறைக்க முடியாது. மொட்டைமாடியில் பேசியதைச் சொன்னேன். அப்பா மண்வெட்டியோடு அப்படியே நின்றார்.

"ஏன் அப்பவே சொல்லல?"

"சொன்னா திட்டுவீங்கன்னுதான்."

"அதான் இப்ப திட்டிட்டனே, மொத்தமா" என்றார் அப்பா. முகத்தில் அசடு வழிந்தது. வேறு எதுவும் சொல்லாமல் வயலுக்கு இறங்கிப் போய்விட்டார். இத்தனை நாள் பொத்தானைத் தொடாத கைக்காக ஊரையே இரண்டாக்கினேன். என் கையும் அதே வேலையைத்தான் பார்த்திருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சிரிப்பு வந்தது.

"இவ்வளவு பேச்சு வாங்கிட்டாரே, இனிமே எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவங்க வீட்ல சரின்னு சொல்றது?" என்று அம்மா புலம்பினாள்.

"நானே அவருகிட்ட சொல்றேம்மா" என்று மாடிக்கு ஓடினேன். ஹோஸ் பைப்பைத் தாண்டி, அன்று நின்ற அதே இடத்தில் நின்றுகொண்டு அவர் எண்ணை அழுத்தினேன். அவர் வேறொரு அழைப்பில் இருப்பதாகப் பதிவு செய்த பெண்குரல் சொன்னது. மறுபடி அழுத்தினேன். மறுபடியும் அதே குரல். அடுத்த ஊர்க்காரர் பேசிக்கொண்டிருப்பார். அதற்கடுத்து இன்னோர் ஊர். எங்கள் பக்கத்தில் வாய்க்காலுக்கு வாய்க்கால் ஊர்கள் இருக்கின்றன, எந்த ஊரிலும் வாய் குறைந்தவர்கள் இல்லை. கீழே அப்பா இன்ஜினைக் கிளப்பும் சத்தம் கேட்டது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, ஒவ்வொரு தடவை அந்தப் பெண்குரல் வரும்போதும் சிரித்தபடி, அவர் எல்லோரிடமும் திட்டு வாங்கி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.